ஈட்டி மரமா?

தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒருமனதாக வெறுக்கும் ஒரே ஜீவன் சீமைக் கருவேல மரம்தான். கண்மாயை அடைக்கும், நிலத்தடி நீரைக் குடிக்கும், செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், சைக்கிள் டியூபைக் கிழிக்கும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. வரப்புத் தகராறுக்கே மூன்று தலைமுறை வாய்தா வாங்கும் ஊரில், இவ்வளவு சுருக்கமாக வேறு யாருக்கும் தீர்ப்பு கிடைத்திருக்காது. அந்தக் குற்றவாளியை மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து, லேத்தில் மாட்டி, நான் கிண்ணம் கடைகிறேன்.

வேறு மரம் கிடைக்காமல் இல்லை. தேக்கின் விலைக்குக் கிண்ணத்தையும் இன்ஷூரன்ஸில் சேர்க்க வேண்டிவரும். மாமரம் காய்வதற்குள் பூசணம் பிடித்துக் கறுக்கும். வேம்பில் கை வைத்தால் மாரியம்மன் சார்பில் ஆஜராகத் தெருவில் ஆள் இருக்கிறது. சீமைக் கருவேலத்துக்கு மட்டும்தான் வக்கீல் இல்லை.

கட்டை வாங்குவது ராமநாதபுரம் சாலையில் கரிமூட்டம் போடுகிறவர்களிடம். நல்ல பருமனாக இரண்டு உருட்டைக் காட்டி, "இதை மட்டும் கொடுங்கண்ணே" என்றேன்.

"வீட்ல கேஸ் தீந்து போச்சா சார்?"

"இல்லண்ணே, கிண்ணம் செய்யப் போறேன்."

"இதுலயா?" அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் என் காரைப் பார்த்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். "கொண்டு போங்க சார், நல்லா இருங்க" என்று, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் விடைபெறுகிற குரலில் சொன்னார்.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன் டெக்சாஸிலும் அரிசோனாவிலும் மெஸ்கீட் என்ற பெயரில் ராஜ வாழ்க்கை வாழ்கிறான். அங்கே கடைசல்காரர்கள் அந்தக் கட்டைக்கு ஆசை ஆசையாகக் காசு கொடுக்கிறார்கள்; மிஞ்சிய துண்டை இறைச்சி சுடப் புகை போடுகிறார்கள். ஆசைக்குக் காரணம் இருக்கிறது. சாதாரணமாக ஈர மரத்தில் கிண்ணம் கடைந்தால், சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விட்டு, பல மாதம் காயப்போட வேண்டும். அது காய்ந்து, சுருங்கி, முட்டை வடிவத்துக்கு வந்ததும் மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்க வேண்டும். மெஸ்கீட் இனம் மிகக் கொஞ்சமாகத்தான் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாக. ஊரெல்லாம் திட்டியும் கோணாத மரம்.

லேத்தில் ஏற்றும்போது கட்டை வட்டமாக இருக்காது. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் சுற்றவிட வேண்டும். அப்போதும் லேத் தடதடவென்று அதிர்ந்து, கீழ் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தப் பார்க்கும். உளியை நேராகக் கொண்டுபோய்க் குத்தக் கூடாது. முதலில் அதன் முதுகை மட்டும் மரத்தில் உரசவிட வேண்டும். பிறகு பிடியை மெல்லத் தூக்கினால் வாய் தானாகக் கடிக்கும். அந்த நொடியில் தடதடப்பு நின்று சீறல் கேட்கும், மஞ்சள் சுருள் முழங்கை மேல் வந்து விழும். இன்னும் உள்ளே போனால் வைரம் வரும், செம்பழுப்பு நிறத்தில். 25 சென்டிமீட்டர் கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கு. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு அந்த வேகம் கனவு.

கடைவது ஒரு பொழுது வேலை. மெருகுதான் ஆளைக் கொல்லும். கிண்ணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி இரண்டு இடத்தில் நாரின் குறுக்கு முனையைச் சந்திக்கும். அங்கே மட்டும் மரம் பிய்ந்து சொரசொரப்பாக நிற்கும். அதற்கு 80ஆம் நம்பர் உப்புத்தாள். பிறகு 120, 180, 240, 320, 400. ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது. நடுவில் ஒன்றைத் தாண்டினால் அப்போது ஒன்றும் தெரியாது. எண்ணெய் பட்டதும்தான் கீறலெல்லாம் வரிசையாக எழுந்து நின்று சாட்சி சொல்லும்.

எண்ணெய் என்றதும் வீட்டில் வட்டமேசை மாநாடு. மாமா நல்லெண்ணெய்க் கட்சி. "செக்கு எண்ணெயாப் பார்த்துத் தடவுங்க மாப்ள, மரம் மினுமினுக்கும்." மினுமினுக்கும்தான், ஆனால் லேசில் காயாது, பிசுபிசுக்கும், பிறகு சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காயும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது சூடு கிளம்பும். எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றும் வாய்ப்பு உண்டு, விரித்துத்தான் காயப்போட வேண்டும். இதை வீட்டில் விளக்கினேன்.

"தானாப் பத்திக்குமா?" என்றாள் மனைவி. "அப்ப நீங்களும் அதுகூட மாடியிலேயே இருங்க."

கடைசியில் அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்து, சுற்றுகிற கிண்ணத்தில் டிஷ்யூ தாளால் ஒற்றினால் நிமிடத்தில் காயும், கண்ணாடிப் பளபளப்பு வரும். துணி மட்டும் கூடாது. சிக்கினால் துணியோடு விரலும் போகும். தாள் என்றால் கிழிந்துவிடும். வெங்காயம்கூடச் சேர்க்காத பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"அரக்குன்னா என்னப்பா?"

"ஒரு பூச்சி சுரக்கிறது, பெரியம்மா."

"பூச்சியா! அதுல நான் விபூதிகூடப் போட மாட்டேன்."

மாத்திரைக்கு மேல் பூசுவதும் அதுதான் என்றேன். அசையவில்லை. "பாண்டவங்களுக்கு அதுல மாளிகையே கட்டுனாங்களே?" என்றேன்.

"கட்டி என்ன பண்ணாங்க? கொளுத்துனாங்க."

இப்படி உருவான கிண்ணத்தில் ரசம் ஊற்ற முடியாது. சூடும் ஈரமும் பட்டால் அரக்கு வெளுக்கும். மஞ்சள் பட்டால் கறை. சபீனா போட்டுத் தேய்க்கக் கூடாது. "அப்ப என்னதான் போடலாம்?" என்று கேட்டதற்கு முந்திரிப் பருப்பு என்றேன். முந்திரி கிலோ என்ன விலை என்று பதில் வந்தது. இப்போது அதில் ரப்பர் பேண்டும் நகவெட்டியும், தீர்ந்துபோன ரிமோட் பேட்டரிகளும் வசிக்கின்றன.

ஆனாலும் வருகிற விருந்தாளி எவரும் அதை எடுத்துத் தடவிப் பார்க்காமல் போவதில்லை. "ஈட்டி மரமா?" என்பார்கள். சிலர் செஞ்சந்தனம் என்று சந்தேகப்பட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். சீமைக் கருவேலம் என்றதும் கை பின்வாங்கும், எங்கேயாவது முள் இருக்கிறதா என்று பார்க்கும். படித்த நண்பர் ஒருவர், கிண்ணத்தை வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்து, "தள்ளி வைங்க, எதுக்கு வம்பு" என்றார்.

மரத்துக்கும் ஜாதகம் பார்க்கிற இந்த ஊரில் என் கிண்ணத்துக்குக் கிடைத்த ஒரே மரியாதை சிவகங்கைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் பெரியப்பாவிடமிருந்து வந்தது. கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம மரமாடா?" என்று ரெண்டு தடவை கேட்டார். பிறகு என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போனார்.

"நம்ம காட்டுல அஞ்சு ஏக்கரு நிக்குது. கிண்ணம், தட்டு, என்ன வேணாலும் பண்ணிக்க, பெரியப்பா ஒரு பைசா கேக்க மாட்டேன். ஆனா வேரோட எடுத்துறணும். ஜேசிபி வாடகை மட்டும் உன்னோடது."