மோர்ப் பந்தலுக்குப் போற அப்புனுக்கு

உக்காரு அப்புனு. உன்ற தேயிலைச் சங்கம் அன்னமலை முருகன் காவடித் திருவிழாவுக்கு மஞ்சூர் பஜார்ல மோர்ப் பந்தல் போடுதுன்னும், அதுல நீயும் நிக்கப் போறேன்னும் உங்கம்மா வந்து சொன்னா. "மாமா, போறதுக்கு முன்னால அவனுக்கு நாலு புத்தி சொல்லியுடுங்க"ன்னா. புத்தி சொல்றதுக்கு ஆள் கெடைக்காமத்தான் இந்தத் திண்ணையில ரொம்ப நாளா உக்காந்திருக்கேன். அப்பாரு சொல்றத கேட்டுக்க.

மொதல்ல ஒரு சந்தேகம். மஞ்சூர்ல எதுக்குடா மோரு? ஈரோட்டுலயும் கரூர்லயும் ஏப்ரல் பொறந்தா தார்ரோடு உருகுது. எல்லாக் கட்சித் தலைமையும் "தண்ணீர்ப் பந்தல் திறங்க"ன்னு தொண்டனுக்கு அறிக்கை உடுது. அங்க மோரு குடுத்தா புண்ணியம். நாம ஆறாயிரம் அடிக்கு மேல உக்காந்திருக்கோம். மத்தியானம் மூணு மணிக்கு மஞ்சு எறங்குச்சுன்னா எதுத்தாப்புல இருக்கற பேக்கரி போர்டே தெரியாது. குட்டிக் காஷ்மீர்னு ஊருக்குப் பட்டம் வேற. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டு, தலையில துண்டக் கட்டிட்டு வர்ற பெரிசு கையில பானைத் தண்ணி மோரக் குடுத்தா, ஓட்டு அப்பறம், இருமல் மருந்து யாரு வாங்கித் தர்றதுன்னு கேப்பாங்க. கட்சிக்காரனுக்காவது மேலிடத்து உத்தரவு. உங்க சங்கத்துக்கு மேலிடமே இல்ல. நீங்களா உக்காந்து யோசிச்சு மோருன்னு முடிவு பண்ணுனீங்க பாரு, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

சரி, டீயாப் போடுங்க. தூளு எந்தூர்துன்னு மட்டும் பாத்துக்க. முன்ன ஒரு தடவ பச்சத் தேயிலைக்கு வெலை கேட்டுப் பந்தல் போட்ட கூட்டம் ஒண்ணு அசாம் தூள்ல டீ போட்டு ஊத்துச்சு. ஏண்டான்னு கேட்டா, "நல்லாக் கலரு வருதுங்"னான் போட்டவன். நானும் ரெண்டு டம்ளர் குடிச்சேன், பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவனுக வெச்சிருந்த நோட்டீஸ ஒருத்தனும் கையில வாங்கல.

அப்பறம் ஃபிளெக்ஸ். இந்த விசயத்துல உனக்கு நான் என்னத்த சொல்றது? நடுவுல தலைவரு மொகம், பக்கத்துல செயலாளரு, கீழ வரிசையா ஸ்டாம்பு சைசுல நீயும் உன்ற கூட்டாளிகளும், எல்லாத்துக்கும் கருப்புக் கண்ணாடி. பச்சத் தேயிலைங்கற வார்த்தைக்கு எடம் மிஞ்சுனா ஓரத்துல போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு, 2019 செப்டம்பர்ல மெட்ராஸ் பள்ளிக்கரணையில பேனர் வுழுந்து ஸ்கூட்டர்ல போன பொண்ணு செத்த பொறகு ஐகோர்ட்டு புடிச்சது கெடுபிடி. அனுமதி இல்லாமக் கட்டுனா அவுத்து எறிவாங்க. செலவு உங்குளுது. அந்தக் காசுக்குத் தூளு வாங்கிப் போடு.

டம்ளருக்கு வா. நீலகிரியில பிளாஸ்டிக் கப்புக்குத் தடை இன்னிக்கு நேத்து வந்ததில்ல. தமிழ்நாடு பூரா 2019 ஜனவரியில வந்த சட்டம் இங்க அதுக்கு ரொம்ப முன்னாலயே வந்துருச்சு. உள்ளுக்குப் பிளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்பும் ஆகாது. அதனால எவர்சில்வர் டம்ளர்தான். எவர்சில்வர்னா கழுவோணும். மைக்கப் புடிச்சு "வருக வருக"ன்னு கூப்புட உங்க சங்கத்துல பத்துப் பேரு இருப்பாங்க. பந்தலுக்குப் பின்னால குந்த வெச்சு, விரல் வெறைக்கற தண்ணியில டம்ளர் கழுவ யாரு இருக்காங்கன்னு எண்ணிப் பாரு. நான் சொல்றேன், நீ அங்க போயி உக்காந்துக்க. மைக்கு முன்னால நிக்கறவங்கிட்ட சனம் சிரிச்சுட்டுப் போயிரும். டம்ளர் கழுவறவங்கிட்டத்தான் நின்னு பேசும். அன்னமலை முருகனப் பாக்கப் போற கூட்டம் பஜாருல பஸ்ஸு எறங்கி, கால் மாத்தி நிக்கற நேரத்துல, "ஏம்ப்பா, எல வெலை ஏறுமா?"ன்னு உங்கிட்டத்தான் கேக்கும்.

அங்கதான் நீ மாட்டுவே. என்ன சொல்லுவே? "போராட்டம் வெல்லும்"னா? கேட்டவ காலையில ஏழு மணிக்கு ஏறி, சாயங்காலம் வரைக்கும் கொழுந்து பறிச்சு, சாக்கு கட்டித் தலையில தூக்கிட்டு வந்தவ. அவளுக்குக் கணக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் பாக்கறா. ஒரு கிலோ தூளு வரோணும்னா நாலு கிலோவுக்கு மேல பச்ச எல வேணும். அந்தத் தூளு குன்னூர் ஏலத்துல என்ன வெலைக்குப் போச்சோ, அத வெச்சுத் தேயிலை வாரியம் மாசாமாசம் மாவட்டத்துக்கு ஒரு சராசரி சொல்லுது. அதுக்குக் கொறச்சு ஃபேக்டரி குடுக்கக் கூடாது. ஏலம் வுழுந்தா எலையும் வுழும். உரம் வெலையும் கூலியும் மட்டும் எந்த ஏலத்துக்கும் போறதில்ல, தானா ஏறிக்கும். 2023 செப்டம்பர்ல கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லுல சனம் நாள்கணக்கா உண்ணாவிரதம் உக்காந்தது இதுக்குத்தான், ஆதார வெலை வேணும்னு. போன மாசச் சராசரி எவ்வளவு, நம்ம ஃபேக்டரி எவ்வளவு குடுத்துச்சுன்னு ரெண்டு நம்பர் உன்ற உள்ளங்கையில இருந்தாப் போதும். சேகுவேரா பனியன வீட்டுலயே வெச்சுட்டு வந்தாலும் ஒண்ணும் கொறஞ்சு போகாது.

நீங்க புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி சங்கம் சங்கம்னு பேசிக்கறீங்களே, அத நெனச்சா எனக்குச் சிரிப்பு வருது. 1935-லயே படுகர் தலைவரு ஆரி கவுடர் காலத்துல நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் வந்துருச்சு, உருளைக்கெழங்கு போடறவன மேட்டுப்பாளையத்து மண்டிக்காரங்கிட்ட இருந்து காப்பாத்தறதுக்கு. அன்னிக்கு ஃபிளெக்ஸுமில்ல, ஜெனரேட்டருமில்ல. ஹட்டி ஹட்டியாப் போயி, தரையில உக்காந்து பேசித்தான் ஆளச் சேத்துருக்காங்க. 1962-ல ரெண்டு காரியம் நடந்துச்சு. நம்ம குந்தாவுல கூட்டுறவு தேயிலை ஃபேக்டரி வந்துச்சு, இந்தியாவுலயே அந்த வகையில மொதலு. அதே வருசம் அக்கம்மா தேவி நீலகிரியில ஜெயிச்சு டெல்லிக்குப் போனாங்க. பொம்பள ஒருத்தி அன்னிக்கே பார்லிமென்ட் போயிருக்கா. உங்க பந்தல் போட்டோவப் பாத்தேன், போன வருசத்துது. பதினஞ்சு மீசை. ஒரு சேலை கூட இல்ல. 2016-ல இருந்து உள்ளாட்சியில பாதி எடம் பொம்பளைகளுக்குத்தான், சட்டமே சொல்லுது. நம்ம கீழ்குந்தா பேரூராட்சிக்கு 2022-ல நடந்த மாதிரி அடுத்த தேர்தல் வரும், அன்னிக்கு ராத்திரி வேட்பாளர் தேடி உன்ற சித்திகிட்டத்தான் ஓடி வருவீங்க. அவளை இப்பவே கூப்புட்டு மேசையில உக்கார வெய்யு. எல பறிக்கற பொம்பளைக ஆம்பளைகிட்டச் சொல்லாதத அவகிட்டச் சொல்லுவாங்க. உங்களுக்கு அரசியலும் கொஞ்சம் புரியும்.

உன்ற பெரியப்பன் மகன் அமெரிக்காவுல இருந்து போன் பண்ணுனான். அங்கயும் ஊர்ச் சந்தையில, மாடும் பன்னியும் காட்டற எடத்துல, கட்சிக்காரங்க கடை போடுவாங்களாம். ஐயோவான்னு ஒரு மாகாணம், அங்க நடக்கற பெரிய சந்தையில ஒரு டிவிக்காரன் கண்ணாடி ஜாடிகள வரிசையா வெச்சுருவானாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு வேட்பாளர் பேரு. சனம் வந்து ஆளுக்கொரு மக்காச்சோள மணிய எடுத்து, புடிச்ச ஜாடியில போட்டுட்டுப் போகுமாம். எனக்குக் கேட்டதுமே புடிச்சுப் போச்சு. நீங்களும் வெய்யுங்க, ஆனா தலைவருக பேரு வேண்டாம், அப்பறம் செயலாளரு ராத்திரி வந்து அவரு ஜாடிய ரொப்பிருவாரு. எல வெலைன்னு ஒரு ஜாடி. காட்டெருமை, கரடின்னு ஒண்ணு. ஆஸ்பத்திரின்னு ஒண்ணு. சாயங்கால பஸ்ஸுன்னு ஒண்ணு. மக்காச்சோளத்துக்கு எங்க போறது, அவரைக்கொட்ட போதும். நம்ம ஊர்ல அவரை இல்லாத வீடு எது? பொழுதுக்கு எந்த ஜாடி ரொம்பியிருக்குன்னு பாத்தா, உங்க சங்கம் அடுத்த ஆறு மாசம் என்ன பேசோணும்னு தெரிஞ்சுரும். நீங்க என்ன பேசோணும்னு நெனச்சுட்டு வந்தீங்களோ, அந்த ஜாடியில நாலு கொட்ட கூட இருக்காது, அத நான் இப்பவே பந்தயம் கட்டறேன்.

தொறந்து வெக்க ஆராச்சும் பெரியமனுசன் வருவாரு. பத்து மணிக்குன்னா பன்னண்டுக்கு வருவாரு, கெத்தை ரோட்டுல 43 கொண்டை ஊசி ஏறி வந்தேன்னு சொல்லுவாரு. அதுவரைக்கும் தொண்டை காஞ்சு நிக்கற கெழவிக்கு டீ குடுக்காத, முதல் டம்ளர் அவரு கையாலதான் குடுக்கோணும்னு எவனாச்சும் சொல்லுவான். நீ தலையாட்டு. தலையாட்டிக்கிட்டே பின்னால நின்னு ஊத்திக் குடுத்துரு. அவரு வந்து போட்டோ எடுத்துட்டுப் போனதும் பாதிக் கூட்டம் அவரு காரோட போயிரும். கட்டுன பந்தல அன்னிக்குச் சாயங்காலம் பிரிக்கறப்ப யாராரு நிக்கறாங்களோ அவங்கதான் உன்ற சங்கம். மீதிப் பேர உறுப்பினர் நோட்டுல இருந்து அடிச்சுராத, சந்தா குடுப்பாங்க.

கோயில் எல்லைக்குள்ள கொடி கட்டாத. மைக்குக்குப் போலீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கு. காவடி கடந்து போறப்ப மைக்க அணை, அது சட்டத்துக்காக இல்ல, முருகனுக்காக.

கடைசியா ஒண்ணு. பந்தல்ல ஒரு நாப்பது பக்க நோட்டு வெய்யு. வந்தவங்க சொல்றத, பேரு, ஊரு, குறைன்னு அவங்க வார்த்தையிலயே எழுது. நீ திருத்தாத. "சமூக நீதிக்கான கோரிக்கை"ன்னு உன்ற பாஷையில மாத்திராத, அவங்க கேட்டது ஒரு தெருவெளக்கு. திருவிழா முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி எல்லாரும் போட்டோவ வாட்சாப்புல போட்டுட்டு, எத்தன லைக்குன்னு பாத்துட்டுத் தூங்கிருவானுக. நீ அந்த நோட்ட எடுத்துக்க. திங்கக்கெழம ஊட்டி கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். காலையில மொத பஸ்ஸுல போ, ஒவ்வொரு குறைக்கும் தனித்தனி மனுவா எழுதிக் குடு. ரசீது வாங்காம எறங்கி வராத.