கொல்லிமலைக் குண்டூர் நாட்டுக்கு மாம்பழம் வந்தாச்சு!

(கொல்லிமலை வாசகர்கள் கேட்டவை)

கேள்வி: சேலத்திலிருந்து வீட்டுக்காரர் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் கிடையாது. பழம் அழுகுவதற்குள் என்ன இனிப்பு செய்யலாம்?

பதில்: காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நசுங்காமல் கடந்து வந்த பழம். அதை அடுப்பில் போட்டுக் கொல்லாதீர்கள். கடல்பாசி 10 கிராம் வாங்கி, 3 டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கரையும்வரை கொதிக்க விடுங்கள். நாட்டுச் சர்க்கரை சேர்த்து இறக்கியபின், 2 டம்ளர் மாம்பழக் கூழைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். சுமார் 40 டிகிரிக்குச் சூடு தணிந்தாலே கடல்பாசி இறுகத் தொடங்கும். உங்கள் மலைக்காற்று போதும், ஃப்ரிட்ஜ் எதற்கு?

கேள்வி: சாமைப் பாயசத்தில் மாம்பழம் போட்டேன். பால் கோபித்துக்கொண்டு திரிந்துவிட்டதே!

பதில்: கோபம் நியாயம்தான். கொதிக்கிற பாலில் பழத்தின் புளிப்பு விழுந்தால் திரியத்தான் செய்யும். வெல்லமும் சில நேரம் அதே வேலையைச் செய்யும். பசும்பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்கு மாறுங்கள். அரை டம்ளர் சாமையை இரண்டு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, வெல்லப்பாகு ஊற்றி இறக்குங்கள். பிறகு கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கடைசியாக மாம்பழக் கூழ். உப்பை மறக்காதீர்கள், இனிப்பைத் தூக்கிக் காட்டுவது அதுதான். தாய்லாந்தில் ஒட்டரிசிச் சோற்றில் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து மாம்பழத்தோடு சாப்பிடுகிறார்கள். அதைத் தேடி உலகமே பாங்காக் போகிறது. கட்டவெட்டிச் சாமையும் பெருஞ்சாமையும் விளைந்த மலையில் இருக்கும் உங்களுக்கு அந்த ருசி வீட்டு அடுப்படியிலேயே கிடைக்கும்.

கேள்வி: இமாம் பசந்தில் என்ன செய்யலாம்?

பதில்: கத்தியை எடுத்து நறுக்கிச் சாப்பிடலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது. கேசரிக்கும் அல்வாவுக்கும் சதைப்பற்றுள்ள பெங்களூரா இருக்கிறது. விலையும் குறைவு.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் மலைத்தேன் ஊற்றினால் மாமியாருக்குச் சர்க்கரை ஏறாதாமே?

பதில்: ஏறும். தேனும் சர்க்கரைதான். 100 கிராம் மாம்பழத்திலேயே சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. மருத்துவர் அனுமதித்தால் இரண்டு துண்டு பழம் கொடுங்கள், அன்று சோற்றைக் குறையுங்கள். தேனை நீங்கள் சாப்பிடுங்கள்.

கேள்வி: நாங்கள் மரவள்ளி போடுகிறோம். கிழங்குக்கும் மாம்பழத்துக்கும் ஏதாவது உறவு உண்டா?

பதில்: ஹாங்காங் இனிப்புக் கடைகளில் போய்க் கேளுங்கள், மாம்பழ ஜவ்வரிசி அங்கே அத்தனை பிரபலம்! ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்வது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜவ்வரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும்போது அணைத்து மூடி வையுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, மாம்பழக் கூழிலும் தேங்காய்ப்பாலிலும் போடுங்கள். ஆனால் ஒரு வருத்தம். மலையில் சாமை விளைந்த நிலத்தைத்தான் மரவள்ளி மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கப் பாடுபடுகிறது. சாமையைக் கையால் குத்திச் சலித்துப்போன பெண்களுக்கு ஊரிலேயே அரவை இயந்திரம் வந்தது அந்த முயற்சியில்தான். ஒரு மூலையிலாவது சாமை விதையுங்கள்.

கேள்வி (நாமக்கல்லிலிருந்து): கோடையில் கொல்லிமலை வருகிறோம். என்ன வாங்கிப் போகலாம்?

பதில்: மாம்பழத்தைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே வந்து சாமை வாங்குங்கள், விளைவித்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.