ஐயையை நாயகியாக்குவது எப்படி?

கண்ணகி, மாதவி இருவரைப் பற்றியும் எழுதித் தீர்ந்துவிட்டது. நாடகம் போட்டாயிற்று, சினிமா எடுத்தாயிற்று, இருவரில் யார் உயர்ந்தவர் என்று பட்டிமன்ற நடுவர்கள் தீர்ப்பும் சொல்லியாயிற்று. இனிப் புதிதாக எழுத வருகிறவருக்கு மிச்சமிருப்பது காப்பியத்தின் ஓரத்தில் நிற்கிறவர்கள்தான். மனம் தளர வேண்டாம். இந்தத் தொழில் உலகம் முழுக்க நன்றாகவே நடக்கிறது. ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியறையில் அடைத்துவைக்கப்பட்ட மனைவியை ஜீன் ரீஸ் 1966இல் வெளியே கூட்டிவந்தார். ‘ஒடிஸி’யில் தூக்கில் தொங்கவிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களை மார்கரெட் அட்வுட் 2005இல் பாடவைத்தார். வர்ஜிலின் காப்பியத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத லவீனியாவுக்கு அர்சுலா லெ குவின் 2008இல் ஒரு முழு நாவலே கொடுத்தார். நம் பக்கத்தில் தாகூர், காவியங்கள் கைவிட்ட பெண்களுக்காக ஒரு கட்டுரை எழுதி லட்சுமணன் மனைவி ஊர்மிளைக்காக வருந்தினார். அதன் பிறகு மைதிலி சரண் குப்தர் ‘சாகேத்’ பாடி ஊர்மிளையை இந்திக்குச் சொந்தமாக்கிவிட்டார். அகலிகையைப் புதுமைப்பித்தன் எடுத்துக்கொண்டார். ரோட்டோர மனைகள் எல்லாம் கைமாறிவிட்டன. உள்ளே தள்ளி இருப்பதில்தான் ஏதாவது தேறும்.

அப்படித் தேறியவள் ஐயை. கவுந்தியடிகள் மதுரைக்கு வெளியே மாதரி என்ற இடைச்சியிடம் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுத்தாரே, அந்த மாதரியின் மகள். “ஓ, அவளா” என்று சொல்கிறவர்கள் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள். அவர்கள் நாவல் வாங்குவதில்லை, ஆகையால் பயமில்லை. மற்றவர்களுக்கு அவளைத் தெரியாது. நாயகியாவதற்கு அதுதான் முதல் தகுதி.

எழுத உட்காரும் முன் அட்டையை முடிவு செய்துவிடுங்கள். முதுகைக் காட்டி நிற்கும் பெண், பறக்கும் கூந்தல், தூரத்தில் எரியும் கோபுரம். சிலப்பதிகாரக் காலத்து மதுரையில் அந்த உயரக் கோபுரம் ஏது என்று ஓவியர் கேட்கமாட்டார், நீங்களும் கிளப்ப வேண்டாம். தலைப்பு ‘நான் ஐயை’. ஓரத்துப் பெண்ணின் நாவல் ‘நான்’ என்றுதான் தொடங்க வேண்டும் என்பது இப்போது எழுதாத சட்டம். முதல் வரியும் தயாராகவே இருக்கிறது: “என்னை யாரும் கேட்கவில்லை.” இதற்குப் பிறகு 300 பக்கம் அவள் சொல்லிக்கொண்டே போகலாம், யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

ஆராய்ச்சி என்ற சபலம் இந்தக் கட்டத்தில் வரும். வந்தால் பெயரை மட்டும் தேடிப் பாருங்கள். வேட்டுவ வரியில் ஐயை என்றால் கொற்றவை. அகநானூற்றிலும் ஓர் ஐயை உண்டு, உறந்தையை ஆண்ட தித்தனின் மகள். தெய்வம், இளவரசி, இடைச்சி மூவரையும் ஒருத்தியாக்கி, பூர்வஜென்ம ஞாபகம் என்று இடையிடையே சாய்வெழுத்தில் போட்டால் 300 பக்கம் 600 ஆகும். கனமான புத்தகத்தைப் பரிசுக்குழு உறுப்பினர்கள் மரியாதையோடு தூக்குவார்கள்.

ஆனால் மூலத்தைப் படித்துவிடாதீர்கள். இந்த வழிகாட்டியின் முக்கியமான அறிவுரை இதுதான். உ.வே.சாமிநாதையர் 1892இல் அச்சேற்றிய நாளிலிருந்து அது எல்லோர் கைக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மொத்தம் 30 காதைகள், உங்களுக்கு வேண்டியது அதில் நான்கைந்துதான். அவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் ஆபத்து. படித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன்.

கண்ணகியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினால்தான் ஐயை ஏறுவாள் என்று திட்டமிட்டிருப்பீர்கள். புகாரின் பெருவணிகர் வீட்டுப் பெண், இடைச்சேரி வீட்டில் வந்து இறங்கியதும் வீட்டுக்காரர் மகளை வேலை ஏவுகிறாள். அருமையான தொடக்கம். கொலைக்களக் காதையைத் திறக்காதவரை இது நிற்கும். திறந்தால் முதலில் கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருக்கும். என் மகள் ஐயை உனக்கு அடித்தொழில் செய்வாள் என்று மாதரியே சொல்கிறாள். வர்க்க முரண் கிடைத்துவிட்டது என்று பேனாவை எடுப்பதற்குள் பேச்சு திரும்பிவிடும். கோவலன் சாவக நோன்பி, பொழுதோடு சாப்பிட வேண்டியவன், நாத்தூண் நங்கையோடு சேர்ந்து சமைக்கக் கலங்களைக் கொடுங்கள் என்கிறாள். அடித்தொழில் செய்ய வந்தவள் அதற்குள் நாத்தனார் ஆகிவிட்டாள்.

சரி, சமையலாவது ஐயை தலையில் விழட்டும் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. பலாக்காய், வெள்ளரி, மாதுளம் பிஞ்சு, மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் என்று சாமான்கள் வருகின்றன. வளைந்த அரிவாளில் காய் நறுக்குவது கண்ணகி. விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் கலங்கிச் சிவக்கிறது, கரிபிடித்த அடுக்களையில் நிற்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஐயை செய்வது ஒன்றே ஒன்று, வைக்கோலைப் போட்டு அடுப்பு மூட்டுகிறாள். கண்ணகி தன் கை அறிந்த அளவில் புருஷனுக்குச் சமைக்கிறாள். பனையோலைத் தடுக்கில் உட்கார்ந்து வாழையிலையில் கோவலன் சாப்பிடுவதைத் தாயும் மகளும் நின்று பார்த்து, அசோதை பெற்ற பிள்ளைதானோ இவன், இதைப் பார்க்க நம் கண் போதாதே என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு அது. அதற்கு நெருப்பு வைத்த கை ஐயையுடையது என்று இளங்கோ ஒரே அடியில் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுகிறார். இதில் யாரைக் கெட்டவளாக்குவது? உங்கள் ஏழாம் அத்தியாயம் முழுக்கக் குப்பைக்கூடைக்குப் போகும். அதற்குத்தான் படிக்காதீர்கள் என்றேன்.

காதல் இல்லாமல் நாவலா என்று பதிப்பாளர் கேட்பார். இந்த விஷயத்தில் மட்டும் மூலம் உங்களுக்குச் சாதகம். ஆய்ச்சியர் குரவையில் ஆயர் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு காளை வளர்கிறது, சீறி வருவதை அஞ்சாமல் பாய்ந்து அடக்குகிறவனுக்கு அவள் மாலையிடுவாள். ஜல்லிக்கட்டு, பொங்கல் வெளியீடு, திரைப்பட உரிமை, எல்லாம் ஒரே பத்தியில். இந்தப் பத்தியைப் படித்துக்கொள்ளலாம். படித்த உடனே மூடிவிட வேண்டும், ஏனென்றால் இதற்குச் சற்று முன்னால்தான் நெய் இருக்கிறது.

மூடச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, எனவே நானே சொல்லிவிடுகிறேன். அரண்மனையில் காலை முரசு ஒலிக்கிறது. இன்று நெய்முறை நமக்கு என்று மாதரி மகள் ஐயையைக் கூப்பிட்டு, மத்தும் கடைகயிறுமாக வந்து நிற்கிறாள். பாண்டியன் அரண்மனைக்கு முறைவைத்து நெய் கொடுக்கும் குடும்பம் அது. அன்றைய முறை அவர்களுடையது. பார்த்தால் குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. ஆட்டுக்குட்டி துள்ளவில்லை. பசுவின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. ஏதோ வரப்போகிறது என்று மாதரிக்குப் புரிகிறது. கன்றும் கறவையும் துயர் நீங்க, கண்ணகியும் பார்க்க, கண்ணன் நப்பின்னையோடு ஆடிய குரவையை ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்கள், அவர்களின் சொந்தப் பெயர் போய் ஏழு சுரங்களின் பெயர். இவர்கள் பாடி ஆடி முடிக்கும்போது, நகரத்துக்குள் கோவலன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். எந்த அரண்மனையின் கட்டளை அவனைக் கொன்றதோ அந்த அரண்மனைக்குத்தான் இவர்கள் அன்று நெய் கடைய வேண்டும்.

நவீன நாவலாசிரியர் இதை வைத்து என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். ஐயை மத்தைக் கீழே எறிந்துவிட்டு “இந்த நெய் அநீதியின் நெய்” என்று முழங்கலாம். மேடையில் கைதட்டல் விழும். ஆனால் பால் உறையவில்லை என்ற சொல்லுக்கு முன் அந்த முழக்கம் பாவமாகத் தெரியும். ஆகவே நெய்முறையை வெட்டிவிட்டு, ஐயையை ஊருக்குள் ஓடவிட்டுக் கொலையை நேரில் பார்க்கவைத்துவிடுங்கள். சாட்சி கிடைத்துவிடும், ஒரு பேருரைக்கும் இடம் கிடைக்கும்.

இளங்கோ செய்தியைக் கொண்டுவந்த விதத்தையும் கண்டுகொள்ளாதீர்கள். குரவை முடிந்ததும் மாதரி பூவும் புகையும் சாந்தும் எடுத்துக்கொண்டு வையைக்கு நீராடப் போய்விடுகிறாள். அடைக்கலம் காக்கப் பொறுப்பேற்றவள் வீட்டில் இல்லாத நேரம். ஊருக்குள்ளிருந்து ஒருத்தி விரைந்து வருகிறாள். வந்தவள் பேசவில்லை, பேசாமல் நின்றுகொண்டே இருக்கிறாள். வாயில்லாத பாத்திரங்களுக்கு வாய் கொடுப்பதே நம் தொழில் என்று இருக்கும்போது, பேசாமல் நிற்பதாலேயே ஒருத்தி இத்தனை பயமுறுத்துவது நம் வியாபாரத்துக்கு நல்லதல்ல. அவளுக்கு நான்கு பக்க வசனம் எழுதிச் சரிசெய்துவிடுங்கள்.

மாதரியின் சாவுதான் பெரிய தலைவலி. எந்தப் பயிலரங்கில் கேட்டாலும் முக்கியமான சாவைக் கண்முன் நடத்திக் காட்டு என்பார்கள். இளங்கோ அதை மதுரைப் பக்கமே காட்டவில்லை. எத்தனையோ நாள் கழித்து, கங்கைக் கரையில் சேரன் செங்குட்டுவன் பாசறையில் இருக்கும்போது, மாடலன் என்ற அந்தணன் நடந்ததையெல்லாம் அடுக்கும் இடத்தில் இதுவும் ஒன்றாக வருகிறது. அடைக்கலம் இழந்தேன், குடையும் கோலும் பிழைத்தனவோ என்று தன் குலத்தாரிடம் சொல்லி நள்ளிரவில் அவள் தீயில் இறங்கினாள் என்கிறான். அவ்வளவுதான். கண்ணகியைப் போலச் சபைக்குப் போய்ச் சிலம்பை உடைக்க அவளுக்கு இடமில்லை. நியாயத்தைத் தன் சாதிசனத்திடம்தான் கேட்க முடிந்தது. பிழை செய்தவன் அரசன், பழி இடைச்சி மேல் விழுந்ததாக அவளே எடுத்துக்கொண்டாள். மகள் எங்கே நின்றாள் என்று மாடலன் சொல்லவில்லை, செங்குட்டுவனும் கேட்கவில்லை.

எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் ஒன்றே போதும், மகள் எங்கே நின்றாள் என்ற அந்த ஒரு கேள்வி. ஆனால் நாம் அவசரக்காரர்கள். இங்கே ஐயையைக் குதிரையில் ஏற்றுங்கள். குதிரை எங்கிருந்து வந்தது என்பதை இரண்டாம் பாகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவுக்கும் மூலத்தைத் தொடாதீர்கள், ஏனென்றால் முடிவிலும் அவள் வருகிறாள். ஓரத்துப் பாத்திரத்தை நடுவிலேயே மறந்துவிடும் கவியாக இருந்தால் நமக்கு எத்தனை வசதி! இவர் மறக்கவில்லை. புகாரிலிருந்து தேவந்தியும் செவிலித்தாயும் அடித்தோழியும் மதுரைக்கு வந்து, மாதரி இறந்ததைக் கேட்டு, ஐயையையும் சேர்த்துக்கொண்டு வையைக் கரையோடு நடந்து மலை ஏறுகிறார்கள். சேரன் எழுப்பிய கோயிலில் தெய்வமாக நிற்கும் கண்ணகியிடம் தேவந்தி அவளைக் காட்டுகிறாள்: அடைக்கலத்தைக் காக்க முடியாமல் உயிர்விட்டவளின் மகள், உன் மாமி மகள், பார்த்தாயா தோழி. அடுப்பு மூட்டிய உறவு அரசனின் கோயில்வரை செல்லுபடியாகிறது. அங்கே ஐயை தன் வாயால் என்ன சொன்னாள் என்று தேடினால் கிடைக்காது. தாயைத் தின்ற நியாயத்துக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள், அதைப் பார்க்க இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள். பக்தியா, கோபமா, போக இடமில்லாமையா? ஒரு நல்ல எழுத்தாளர் அந்த நடையை மட்டும் எழுதினாலே ஆயுசுக்குக் காணும். கால் வலி, வழிச்சோறு, கூட வரும் மூன்று புகார்ப் பெண்களின் வட்டாரப் பேச்சு, வீட்டில் விட்டுவந்த மாடுகளை யார் கறப்பார்கள் என்ற கவலை. இதில் குதிரை கிடையாது, பேருரை கிடையாது, அட்டைக்குப் படமும் கிடைக்காது.

நீங்கள் கோயில் வாசலில் கல்லெறிந்துவிட்டு அவள் திரும்பிப் பாராமல் நடப்பதாக முடித்துவிடுங்கள். மதிப்புரையில் ‘கட்டுடைப்பு’ என்ற சொல் கட்டாயம் வரும்.

நாவல் விற்றால் அடுத்தது என்ன என்று கேட்பார்கள். மூலத்தில் நான்கு வரி இருந்தாலே அது நம் காலைச் சுற்றுகிறது என்று ஐயையிடம் பார்த்தாகிவிட்டது. அடுத்த நாயகிக்கு ஒரு வரிகூட இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் இதே காப்பியத்தில் மொத்தமாகக் கிடைக்கிறார்கள். கோவலன் மேல் பழி சுமத்தியவன் ஒரே ஒரு பொற்கொல்லன். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகச் சொல்லி ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்தான். மழை பெய்தது, நாடு செழித்தது என்று காப்பியம் மேலே நடக்கிறது. அந்த ஆயிரம் பேரில் பாதிப் பேருக்குத்தான் கல்யாணம் ஆகியிருந்தது என்று வைத்தாலும் ஐந்நூறு மனைவிகள். ஒருத்திக்கும் பெயர் இல்லை, ஊர் இல்லை, அழுதாள் என்றுகூட ஓர் அடி இல்லை. எழுதுகிறவர்கள் ஆளுக்கு ஒருத்தியாகப் பிரித்துக்கொண்டாலும் சண்டை வராது. பதிப்பாளரிடம் இப்போதே முன்பணம் பேசிவிடுங்கள்.