ஒரே நாளில் பல்

ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் தாண்டிக் குரோம்பேட்டை சிக்னலில் நின்றால், யாராவது ஒருவர் விளம்பரப் பலகையிலிருந்து பளிச்சென்று சிரிக்கிறார்: 'ஒரே நாளில் இம்ப்ளான்ட்!' தாடை எலும்பு அந்தப் பலகையைப் படிப்பதில்லை. பல்லுக்கு வேராக வைக்கும் டைட்டானியம் திருகைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அன்றே மாட்டிவிடுவது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான்.

1965-இல் ஸ்வீடனில் மருத்துவர் பிரேனமார்க் ஒரு நோயாளிக்குப் பொருத்திய திருகுகள், அவர் 2006-இல் இறக்கும்வரை உழைத்தன. ஆனால் பிரேனமார்க் ஆடித் தள்ளுபடி ஏதும் தரவில்லை, பாவம்.

இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள் ரேட்டைக் கேட்கும்போது, "திருகுக்கு மட்டுமா, மேலே வைக்கிற பல்லும் சேர்த்தா?" என்றும் கேளுங்கள். சர்க்கரை, சிகரெட், எலும்புத் தேய்மான மாத்திரை, எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. சுற்றியிருக்கும் ஈறுக்கு அந்தச் சலுகை இல்லை. ஈஎம்ஐ கட்டுகிற கையோடு பிரஷ்ஷையும் பிடியுங்கள்.