செலவில்லாத இமயமலை

முக்குர்த்தி தேசியப் பூங்காவைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட வேண்டும் என்று எங்கள் பள்ளிப் பசுமைப் படையில் முடிவானது. பொறுப்பாசிரியர் நான். முக்குர்த்தியோ நீலகிரியில், நாங்களோ செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில். ஐந்நூறு கிலோமீட்டர் போனாலும் வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது.

தலைமையாசிரியர் வேன் வாடகையைக் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"மலைதானே சார்? மகாபலிபுரத்துல இமயமலையே இருக்கே!"

சிக்கனத்தில் பிறந்த யோசனைதான், ஆனால் தப்பில்லை. அங்கே பாறையில் இமயமலையாகச் செதுக்கிய அர்ச்சுனன் தபசில் யானை, சிங்கம், குரங்கு, மான் எல்லாம் உண்டு. தவம் செய்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே கூட்டிப்போய், பாறைப் பிளவைக் காட்டி, கங்கை இறங்கும் இடம் என்றேன்.

"தண்ணி எங்க சார்?"

"பல்லவர் காலத்துல மேல தொட்டி கட்டித் தண்ணி விட்டிருக்கலாம்னு சொல்றாங்க."

"மோட்டார் இல்லாமயா?"

இதுதான் சமயம் என்று சோலைக்காட்டுக்குத் தாவினேன். முக்குர்த்தியில் தொட்டியும் இல்லை, மோட்டாரும் இல்லை. சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நன்றாகத்தான் சொன்னேன். கூட்டம் ஏற்கெனவே பூனையிடம் போயிருந்தது. பின்னங்கால்களில் நிற்கிறது, சுற்றிலும் எலிகள்.

"இது இன்னா சார் பண்ணுது?"

"தவம்."

"பொய் சார். எங்கம்மா மீன் கழுவறப்ப எங்க வூட்டுப் பூனையும் இப்டித்தான் நிக்கும்."

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் அந்தச் சிற்பி செய்த கிண்டலை இவ்வளவு சட்டென்று பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

அப்போது பக்கத்துப் பாறைச் சரிவில் ஓர் ஆடு, நிஜ ஆடு, அலட்சியமாக ஏறிப் போனது.

"வரையாடு சார்!"

இல்லையப்பா, என்று ஆரம்பித்தேன். வரையாடு நம் மாநில விலங்கு, முக்குர்த்தி 1990-இல் தேசியப் பூங்காவானதே முக்கியமாக அதைக் காக்கத்தான், 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031 தான் தேறின.

"இதோட சேத்து ஆயிரத்து முப்பத்திரண்டு சார்!" என்று ஒருவன் நோட்டில் குறித்துக்கொண்டான்.

கையில் குச்சியோடு ஓர் அம்மா வேகமாக வந்தார். "எம் ஆட்ட எதுக்குய்யா எண்றீங்க?"