வேன் நின்றதே ஊர்: ஒரு சூத்திரமும் அதன் உரையும்

டிரிப் என்பது யாதோ எனின், தோட்டத்து லயத்தடியிலிருந்து நள்ளிரவில் ஒரு வேன் புறப்பட்டு, மறுநாள் நள்ளிரவில் அதே லயத்தடிக்குத் திரும்புதல் என்க. இடையில் ஒரு பழைய நகரம் இருப்பது சிறப்பு.

ஆய்வுப் புலம், எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்கள். பாதை: கரவனல்லை, ருவன்வெல்லை, கேகாலை, பொல்கஹவெல, குருணாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பொலன்னறுவை. சைவ சித்தாந்திகள் பிறர் மதத்தை மறுக்கும் பரபக்கத்தை முடித்துவிட்டே, தம் மதத்தை நிறுவும் சுபக்கம் தொடங்குவார்கள், நாமும் அவ்வாறே.

பரபக்கம். இத்தாலி மதத்தார் கொள்கைப்படி, பழைய நகரைப் பார்க்க முதலில் வரைபடம், பிறகு நேரம், பிறகு டிக்கெட். ரோமில் கொலோசியத்துக்குள் நுழையும் மணியைக்கூட முன்னதாகவே குறித்து வாங்குகிறார்கள். புளோரன்சின் பழைய நகருக்குள் அனுமதியில்லாத வாகனம் நுழைந்தால் கமெரா பிடித்துக்கொள்ளும், அபராதம் வீடு தேடி வரும். வெனிசில் வாகனமே கிடையாது; படகு, இல்லாவிட்டால் கால். 2024 முதல் அங்கே குறித்த சில நாட்களில், இரவு தங்காமல் வந்துபோகிறவர்களிடம் கட்டணமும் அறவிடுகிறார்கள் (தொடக்கத்தில் 5 யூரோ). இரவு தங்குவது தோட்டத்து டிரிப்பின் இலக்கணத்திலேயே இல்லாதபடியால், அந்த வரி நம்மை மனதில் வைத்தே போடப்பட்டது என்று கொள்ளவும் இடமுண்டு.

இம்மதம் நமக்குப் பொருந்தாது. நமக்கு முன்சீட்டு யாருக்கு என்பது தீராமல் திகதி தீராது. வேலைநாளில் போனால் பேர் போடமாட்டார்கள். நாட்சம்பளம் (2024இல் அது 1350 ரூபாவாயிற்று) அன்றைக்கு இல்லை. போயாவில் போனால் நாடே அங்கு வந்திருக்கும். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த கிழமையில் வேன் பேசுவோரும் உளர். அட்வான்ஸ் என்பது கடன் என்ற ஞானம் அவர்களுக்கு ஹபரணை தாண்டித்தான் உதிக்கும்.

சுபக்கம். சூத்திரம்: வேன் நின்றதே ஊர்.

உரை: வேன் முதலில் நிற்பது தோட்டத்து மாரியம்மன் கோவில் முன், தேங்காய் உடைக்க. இரண்டாவது, கேகாலை வருமுன், பின்சீட்டில் வாந்தி. (தேசிக்காயை மோந்துகொண்டிருந்தால் வாந்தி வராது என்பர். வருகிறது.) மூன்றாவது தேத்தண்ணிக்கு. நான்காவது டிரைவர் தம்பி கண் அயர. ஐந்தாவது, விடிந்தபின், கட்டிவந்த புளிச்சோற்றை மரநிழலில் பிரிக்க. இவற்றில் ஒன்றையும் எந்த டிரிப் கமிட்டியும் பட்டியலில் எழுதியதில்லை. எழுதிய இடங்களுக்கோ மிச்ச நேரந்தான்.

அற்றேல், ரயிலில் போனாலென்ன எனின், மட்டக்களப்பு ரயில் பொல்கஹவெல வழியாகத்தான் பொலன்னறுவைக்குப் போகிறது, உண்மை. ஆனால் ரயில் நிலையத்தில்தான் நிற்கும். நாம் நிற்கவேண்டிய இடங்களில் நிலையம் கிடையாது.

இனி விளைவு. பொலன்னறுவையை யுனெஸ்கோ 1982இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. வேன் அங்கு சேரும்போது உச்சிவெயில். புத்தர் சிலையுள்ள இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்றவேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். (வத்திக்கானின் புனித பேதுரு தேவாலயத்திலும் உடை விதி இதுவே, காலைச் சுடும் மணல் மட்டும் அங்கில்லை.) வட்டதாகேயை ஓட்டமாகவும் கல்விகாரையை நொண்டிக்கொண்டும் பார்த்து முடித்ததும், பின்சீட்டிலிருந்து ஏகமனதான குரல் எழும்: குளிக்கப் போவோம். பராக்கிரம சமுத்திரத்தில் வேன் நிற்கும் நேரம், மற்ற எல்லா நிறுத்தங்களையும் கூட்டினாலும் வராது.

இதில் விடுபடுவது இரண்டாம் சிவ தேவாலயம். பதினோராம் நூற்றாண்டில், பொலன்னறுவை சோழரின் தலைநகராயிருந்தபோது எழுந்த கற்கோவில். வானவன்மாதேவி ஈஸ்வரம் எனச் சோழ அரசியின் பெயர் தாங்கியது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. உள்ளே இன்றும் லிங்கம். மாரியம்மன் முன்றலில் தேங்காய் உடைக்காமல் வேனையே நகர்த்தாத கூட்டம், இந்த ஈசுவரனை மட்டும் கடந்துபோவதற்குக் காரணம் பக்திக் குறைவன்று. கோவில் கிளைப்பாதையில் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது. பெரிய வாகனத் தரிப்பிடமும் ஐஸ்கிறீம் வண்டியும் வேறு பக்கம். சூத்திரத்துக்கு இதைவிட நல்ல சான்று ஆய்வாளனுக்குக் கிட்டவில்லை.

ஆகவே, அடுத்த டிரிப் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம். புளிச்சோற்றை அந்தக் கோவில் பக்கத்து மரநிழலில் பிரியுங்கள். வேன் தானாக நிற்கும்.