காப்பிலக்கணம்: பொட்டிப்புரப் பாடம்

காப்பு நான்கு வகைப்படும். நூலுக்கு முன் பாடுவது, வளைகாப்பன்று கையில் ஏறுவது, திருவிழாவுக்குக் கட்டுவது, கம்ப்யூட்டருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எடுப்பது. முதல் மூன்றையும் முனைவர் பட்டங்கள் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது எனக்கு.

இந்நான்காவதை மேலைநூலார் 'பேக்கப்' என்பர். அது மூவகைத்து. முழுநகல், எல்லாம் எடுப்பது. வேறுபாட்டு நகல், கடைசி முழுநகலுக்குப் பின் மாறிய யாவும் எடுப்பது. வளர்நகல், முந்தைய நகலுக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது. இடம் மிச்சம், ஆனால் நடுவே ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின் வந்தவை அத்தனையும் வீண். இறையனார் அகப்பொருள் உரை நக்கீரர் தொடங்கிப் பத்துத் தலைமுறை வாய்வழியே வந்தது என்பார்கள். இடையில் ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதுவரை எந்தக் கருத்தரங்கும் கவலைப்படவில்லை.

அதே உரை முதலிரு சங்க நகரங்களையும் கடல் கொண்டது என்கிறது. இன்றைய மொழியில் 'சர்வர் டவுன்'. மூன்றாவதைக் கடலோரம் வைக்காமல் மதுரையில் வைத்தார்கள் அல்லவா? நகல்களில் ஒன்றாவது வெளியூரில் இருக்க வேண்டும் என்ற விதியைத் தமிழரே முதலில் கண்டனர் என்பதற்கு இதுவே சான்று (மேலும் காண்க: உத்தமபாளையம் சாலை டீக்கடைக் கடன் பலகை, இடப்பக்க ஓரம், ஈரத்துணி படுமுன்). தொலைந்த நூல்களின் உள்ளடக்கத்தை அத்தியாயம் அத்தியாயமாக விவரிக்கும் அறிஞர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

இனித் தலையாய சிக்கல்: மூலமில்லா நகல்.

பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலைக்குள், ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறைக்கடியில், நியூட்ரினோவைக் காண ஏறத்தாழ 50,000 டன் இரும்புக் கருவி வைப்பதாக ஏற்பாடு. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்பியது. ஊர் எதிர்த்தது, வழக்கு நடந்தது, 2022-ல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் முடியாது என்றது. மலை மலையாகவே இருக்கிறது. ஆனால் அக்கருவியின் 85 டன் சிறுவடிவம் மதுரையில் 2018-லேயே ஓடத் தொடங்கிவிட்டது! மூலவர் பிரதிஷ்டையாகாத கோயிலில் உற்சவர் மட்டும் வீதியுலா வருவது போல. இது நகலா, மூலமா? நகலென்பது வடகரைப் பள்ளி. மூலமென்பது தென்கரைப் பள்ளி. 'ரெண்டும் இரும்புதான்' என்பது போடி பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டியின் மழைக்கு முந்தைய பாடம். மழைக்குப் பின் 'இரும்பு' 'இருமு' என நிற்பதால், அது இருமல் மருந்து விளம்பரமே எனச் சாதிப்போரும் உளர். அவர்களுக்கு அடுத்த மாதம் பொன்னாடை.

களஆய்வு. பொட்டிப்புரம் பக்கம் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். மூன்று கம்ப்யூட்டர், ஒரே நெட்வொர்க். நகலெடுக்கும் பணிக்கு இரவு இரண்டு மணி என்று நேரம் குறித்திருந்தோம். ஒரு மாதமாக ஒன்றும் நகலாகவில்லை. பெருக்க வரும் அக்கா போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். கேட்டதற்கு, "சும்மாதானய்யா ஓடிட்டுக் கெடந்துச்சு" என்றார். இத்துறையில் நான் கேட்ட மிகத் தெளிவான வரையறை இது.

சுவிட்ச் மேல் தாள் ஒட்டினோம். பணி ஓடியது, நகல் மட்டும் இல்லை. நகல் போய்ச் சேர வேண்டிய பொது டிரைவுக்கு 'இசட்' என்று எழுத்துப் பெயர் சூட்டியிருந்தோம். அந்தப் பெயர் உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மட்டுமே தெரியும். இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள்? சர்வர் பெயரோடு முழுப் பாதையையும் எழுதிக் கொடுத்து, அதைத் திறக்கும் உரிமையுள்ள கணக்கில் பணியை ஓட்டியதும் சரியாயிற்று.

எடுத்த நகல் திரும்ப வருகிறதா என்று சோதிக்கும் முறையை ஐந்தாம் இயலில் 60 பக்கம் எழுதியிருந்தேன். அது ஒன்றும் நகலாகாத அந்த மாதத்தில் அழிந்தது. படி வைத்திருப்போர் அனுப்பி உதவ வேண்டுகிறேன். மூலம் என்னிடம் இல்லை.